பென் டூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்பு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, படத் திருத்த மென்பொருள் பயிற்சி குறித்த கட்டுரையைப் படித்தேன். பின்னணியை ஒரே சொடுக்கில் நீக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் வந்துவிட்டதால், புள்ளி வைத்து வளைகோடு இழுத்துப் படத்தின் ஓரத்தைக் கையால் வரையும் கருவியான பென் டூலைப் பழகுவதற்கு இனி யாரும் நேரம் செலவிடத் தேவையில்லை என்றும், பயிற்சி நிலையங்கள் அந்தப் பாடத்தையே எடுத்துவிடலாம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். சிவகாசியில், அச்சுக்கான பிளேட் போடுவதற்கு முன்பு படங்களையும் பக்கங்களையும் சரிபார்த்து ஒழுங்குசெய்யும் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில், இந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. இதை நம்பி ஒரு பிள்ளை பென் டூலைத் தொடாமலேயே பயிற்சியை முடித்துக்கொண்டு அச்சகத்துக்கு வேலை தேடி வந்தால் என்ன ஆகும் என்பதை நாள்தோறும் பார்க்கிற இடத்தில் நான் இருக்கிறேன்.

கட்டுரையாளர் சொல்வது முழுக்கத் தவறு என்று நான் கூறமாட்டேன். ஃபோட்டோஷாப்பில் 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த ‘செலக்ட் சப்ஜெக்ட்’ கட்டளையும், அதற்குப் பின் வந்த ‘ரிமூவ் பேக்ரவுண்ட்’ பொத்தானும், கைப்பேசியிலேயே இயங்கும் எத்தனையோ செயலிகளும், முன்பு அரை மணி நேரம் பிடித்த வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துத் தருகின்றன. பிறந்தநாள் வாழ்த்துப் படத்துக்கும், இரண்டு நாள் கட்டி அவிழ்க்கப்போகிற ஃபிளெக்ஸ் பேனருக்கும் அது தாராளமாகப் போதும். அங்கே பென் டூலை எடுத்துக்கொண்டு உட்காருகிறவரை நானே எழுப்பிவிடுவேன். அமேசான் போன்ற இணைய அங்காடிகள் பொருளின் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கின்றன. அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்ற உச்ச அளவில் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டி, புத்தகம், மடித்து வைத்த சட்டை போன்றவற்றை இந்த வெள்ளைக்கு மாற்றுவதற்கு இன்று மனிதக் கை அவசியமில்லை. படத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பாத் (பென் டூலால் வரையும் ஓரக்கோடு) போட்டுக் கொடுத்துவந்த டாக்கா நகரத்தவர்களுக்கும் நம் நாட்டுக்காரர்களுக்கும் இப்படிப்பட்ட எளிய படங்கள் குறைந்துவருவது கண்கூடு. அதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

எளிய படங்கள் இயந்திரத்திடம் போய்விட்டால் மனிதனிடம் வந்து சேர்வது எது என்பதைத்தான் கட்டுரையாளர் கேட்கத் தவறிவிட்டார். இயந்திரத்தால் முடியாத படம்தான் நம் மேசைக்கு வரும். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு உட்காரும்போது பென் டூல் தெரியாதவருக்கு வேறு எந்த வழியும் இல்லை.

தானியங்கித் தேர்வு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று யோசித்தால் இது விளங்கும். மேஜிக் வாண்ட் போன்ற பழைய கருவிகள் அடுத்தடுத்த பிக்சல்களின் நிறமும் வெளிச்சமும் எங்கே மாறுகின்றன என்று பார்த்து ஓரத்தை முடிவுசெய்தன. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், ஏராளமான படங்களில் பழகியதைக் கொண்டு, இது மனிதன், இது நாற்காலி என்று ஊகித்து, அந்த ஊகத்தின்படி ஓரத்தைத் தேடுகின்றன. இரண்டுமே படத்தில் உள்ளதிலிருந்துதான் ஓரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பென் டூலுக்கோ படமே தெரியாது. அது படத்தின் மேல் ஒரு கோட்டை வரைகிறதே தவிர, கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஓரம் எங்கே என்று தீர்மானிப்பது முழுக்க முழுக்க வரைகிறவரின் வேலை. இதை அதன் குறையாகச் சொல்கிறார்கள்; எங்கள் தொழிலில் அதுதான் அதன் சிறப்பு.

ஒரு பாத்திரக் கடையின் விளம்பரத்துக்காக, வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் படமெடுத்த எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வருக்கென்று தனி நிறம் கிடையாது. சுற்றியிருப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும். இடது பக்கம் முழுவதும் துணியின் வெள்ளை பிரதிபலித்திருக்கும், துணியும் வெள்ளை. நெருங்கிப் பார்த்தால் சொம்பு எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்பதற்கு அங்கே அடையாளமே இருக்காது. தானியங்கிக் கருவி அந்த இடத்தில் சொம்பின் விலாவைக் கடித்துத் தின்றுவிடும், அல்லது துணியில் ஒரு துண்டைச் சொம்போடு சேர்த்துவிடும். அதைக் குறை சொல்லியும் பயனில்லை. இல்லாத ஓரத்தை அது எங்கே போய்த் தேடும்? மனிதனுக்கு மட்டும் சொம்பு என்றால் இன்ன வடிவம் என்று தெரியும். வாய் விளிம்பு சாய்கோணத்தில் நீள்வட்டமாகத்தான் தெரியும், வலப்புற வயிறு எப்படி வளைந்திருக்கிறதோ இடப்புறமும் அப்படியேதான் வளைந்திருக்கும் என்று அறிந்தவர், ஓரம் தெரிகிற இடத்தில் ஒரு புள்ளியும், அது மறைந்து மறுபடி தெரியத் தொடங்கும் இடத்தில் இன்னொரு புள்ளியும் வைத்து, நடுவிலுள்ள வளைவைத் தன் அறிவினால் வரைந்துவிடுவார். படத்தில் இல்லாத ஓரத்தை வரையும் வேலை இது. இதற்குக் குறுக்குவழி இன்றுவரை நான் கண்டதில்லை.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று புது ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம் என்பது வாசகர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் பிரிவில் அதிகம் புழங்கும் பொருள்களில் ஒன்று பித்தளைக் குத்துவிளக்கு. பென் டூல் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். படத்தை 200 அல்லது 300 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு, விளக்கின் அடிப்பாகம் தரையைத் தொடும் மூலையில் முதல் புள்ளியை வைக்க வேண்டும். தொடங்கும் புள்ளியும் முடியும் புள்ளியும் ஒன்றுசேரும் இடம் ஒரு மூலையாக இருந்தால் அங்கே பிசிறு தெரியாது. அடிப்பாகத்தின் வளைவு எந்த இடத்தில் அதிகமாக வெளியே துருத்துகிறதோ அங்கே அடுத்த புள்ளி. புள்ளியை வைத்த கையோடு மவுஸை விடாமல், நாம் போகிற திசையில் இழுத்தால் இரண்டு பக்கமும் ஹேண்டில், அதாவது வளைவைத் திருப்பும் கைப்பிடிக் கோடு, நீளும். அந்த ஹேண்டில் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு அதன் போக்கிலேயே படுத்திருக்க வேண்டும். நீளம் அடுத்த புள்ளிக்கான தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் பென் டூலில் பாதி கைவந்துவிட்டது.

தண்டில் ஏறும்போதுதான் விளக்கு நம்மைச் சோதிக்கும். தண்டு நெடுகிலும் வளையங்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் கீழே ஓர் இடுக்கு, மேலே ஓர் இடுக்கு, நடுவே ஒரு புடைப்பு. ஆக மூன்று புள்ளிகள் போதும். இடுக்கில் கோடு சட்டென்று திரும்ப வேண்டும் என்பதால், அங்கே ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு புள்ளியைச் சொடுக்கி, முன்னோக்கி நீண்ட ஹேண்டிலை வெட்டிவிட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் இதை அறியாமல் ஒரு வளையத்துக்கு ஏழெட்டுப் புள்ளிகளைக் கொட்டுவார். திரையில் பார்க்கச் சரியாகத்தான் தெரியும். பின்னணியை மாற்றியதும் பித்தளை வளையம் எலி கடித்ததுபோல நெளிந்து நிற்கும். எண்ணெய் ஊற்றும் தட்டில் ஐந்து முகங்களும் கூராக முடியும் இடங்களில் மீண்டும் மூலைப் புள்ளி. முகத்துக்கும் முகத்துக்கும் இடையே உள்ள குழிவில் மென்மையான ஒரே வளைவு. பித்தளை, அறையிலுள்ள மஞ்சள் சுவரையும் சன்னல் வெளிச்சத்தையும் வாங்கிக்கொண்டு பளபளப்பதால், பின்னணியும் விளக்கும் ஒன்றோடொன்று கலந்து தெரியும் இடங்கள் இதிலும் பல உண்டு. தானியங்கிக் கருவி தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். சுடரை மட்டும் பென் டூலால் வெட்டக் கூடாது. சுடருக்கு ஓரம் கிடையாது. கறுப்புப் பின்னணியில் தனியாக எடுத்த சுடரை வேறு லேயரில் (மேலடுக்கில்) வைத்து ‘ஸ்க்ரீன்’ முறையில் மேலே படரவிட்டால், கறுப்பு மறைந்து ஒளி மட்டும் நிற்கும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் சுடரையும் கத்தரித்து ஒட்டவைக்கும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன.

குறைந்த புள்ளிகள் என்பது அழகுக்காகச் சொல்லப்படும் அறிவுரை அல்ல. இந்த வளைவின் பிறப்பிலேயே உள்ள குணம். பிரான்ஸில் ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே 1960-களில் கார் உடலின் வளைவுகளைக் கணக்கால் விவரிக்க இதைப் பயன்படுத்தினார். அதற்குச் சற்று முன்பே, 1959-இல், போட்டி நிறுவனமான சிட்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோ என்பவர் இதே கணிதத்தைக் கண்டடைந்திருந்தார். ஆனால் நிறுவனம் அதை வெளியே விடாமல் வைத்திருந்ததால் வளைவுக்குப் பெசியேயின் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டு முனைப் புள்ளிகள், இரண்டு ஹேண்டில் நுனிகள் ஆகிய நான்கே இடங்களைச் சொல்லிவிட்டால் ஒரு முழு வளைவு கிடைத்துவிடும் என்பதே இதன் சாரம். அடோபி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இந்த வளைவை அச்சுத் துறைக்குக் கொண்டுவந்தது. 1987-இல் இல்லஸ்ட்ரேட்டரில் பென் டூலாக அது கைக்கு வந்தது. 1990-இல் பிறந்த ஃபோட்டோஷாப்பில், அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பதிப்பில் பென் டூல் சேர்ந்தது. நாம் கணினியில் தட்டும் தமிழ் எழுத்துருக்களின் சுழிகளும் கொம்புகளும்கூட இதே குடும்பத்து வளைவுகளால் ஆனவைதான். எவ்வளவு குறைந்த புள்ளிகளில் நடக்கும் என்பதற்கு வட்டமே சான்று. நான்கு புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு ஹேண்டிலையும் ஆரத்தில் 0.5523 பங்கு நீளத்துக்கு இழுத்தால், கிடைக்கும் உருவம் உண்மையான வட்டத்திலிருந்து ஆரத்தின் 0.027 சதவீதம்தான் விலகும். 1000 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தில்கூட அது கால் பிக்சலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வளையலின் வெளிவட்டத்துக்கு முப்பது புள்ளி வைக்கிறவருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

‘எங்கள் படத்தில் அவ்வளவு நுணுக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்று சிலர் கேட்பார்கள். கைப்பேசித் திரையில் யாரும் பார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். அச்சில் நிலைமை வேறு. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற வழக்கமான அளவில், ஒரு பிக்சல் தாளில் ஏறக்குறைய 0.085 மில்லிமீட்டர் வரும். தானியங்கிக் கருவி வெள்ளைப் பின்னணியிலிருந்து நான்கு பிக்சல் அகல ஓரத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தால், அது மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வெள்ளைக் கோடாகிவிடும். விளக்கை அரக்குச் சிவப்புப் பின்னணியில் வைத்து அச்சடிக்கும்போது, அந்தக் கோடு கைநீட்டும் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். இதைத் தவிர்ப்பதற்காகவே நாங்கள் பாத்தை ஓரத்தின் மேலேயே போடாமல் ஒரு பிக்சல், ஒன்றரைப் பிக்சல் உள்ளே தள்ளிப் போடுகிறோம்; தேர்வாக மாற்றும்போது ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரை 0.3 முதல் 0.5 பிக்சல்வரை கொடுத்து, கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோன்ற தோற்றத்தைக் குறைக்கிறோம். பொருளின் ஒரு பக்கம் குவியத்துக்கு வெளியே மங்கலாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஃபெதரைக் கூட்ட வேண்டும். இந்த முடிவுகள் எல்லாம் படத்துக்குப் படம் மாறுபவை.

நகைப் படங்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். ஜிமிக்கியின் குடைக்குக் கீழே தொங்கும் முத்துகளுக்கு இடையிலும், வளையலுக்கு உள்ளேயும், சங்கிலிக் கண்ணிகளின் துளைகளிலும் பழைய பின்னணி எட்டிப் பார்க்கும். தானியங்கிக் கருவி வெளி உருவத்தை அழகாக எடுத்துத் தந்துவிட்டு இந்தத் துளைகளில் பலவற்றை அடைத்தே விட்டுவிடும். பென் டூலில் வெளிப் பாத்தை மூடிய பிறகு, ஒவ்வொரு துளைக்கும் உள்ளே தனிப் பாத் போட்டு, மேலே உள்ள பட்டையில் ‘ஒன்றன்மேல் ஒன்று படும் பகுதியை நீக்கு’ என்ற பொருளில் இருக்கும் தெரிவைச் சொடுக்கினால் துளைகள் திறந்துகொள்ளும். அலுப்பான வேலைதான். ஆனால் நகைக்கடைக்காரர்கள் தம் நகைகளை எவ்வளவு கூர்ந்து பார்ப்பார்கள் என்பது அவர்களிடம் புரூப் (மாதிரி அச்சு) கொண்டுபோனவர்களுக்குத் தெரியும்.

கட்டுரையாளர் தொடாத இன்னொரு விஷயம், வேலையைத் திரும்பச் செய்வது. எங்கள் தொழிலில் ஒரு படம் ஒருமுறை வெட்டப்பட்டதோடு முடிந்துவிடுவதில்லை. வாடிக்கையாளர் பின்னணி நிறத்தை மாற்றச் சொல்வார். அடிப்பாகத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே காட்டச் சொல்வார். அதே விளக்கு அடுத்த ஆண்டு டைரியின் அட்டைக்கு வரும். பாத் என்பது பிக்சலில் கரைந்துபோகாத கோடு. பெயரிட்டுச் சேமித்து வைத்தால் எந்தப் புள்ளியையும் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். படத்தின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதுவும் கூடவே மாறும். லேயரில் வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் வெக்டர் மாஸ்க்காகவும் போடலாம். ‘கிளிப்பிங் பாத்’ என்று குறித்துவிட்டால் பக்க வடிவமைப்பு மென்பொருள் அதைப் படித்துப் பின்னணியைத் தானே மறைத்துக்கொள்ளும். பேஜ்மேக்கர், குவார்க் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களின் காலத்திலேயே, அச்சுக்கான இபிஎஸ் கோப்புக்குள் பாத்தை வைத்து அனுப்பித்தான் கட்-அவுட் படங்களை அச்சிட்டோம்.

அதற்கும் முந்தைய தலைமுறையினர் இதே வேலையைச் சிவப்புப் படலத்தைப் பிளேடால் கீறி உரித்தும், நெகட்டிவின் மேல் பிரஷால் ஓப்பேக் என்ற ஒளி புகாத பூச்சைப் பூசியும் செய்தார்கள். அச்சு வேலைக்கான லித் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது என்பதால் அந்தச் சிவப்புப் படலம் அதற்குக் கறுப்பாகவே தெரியும். மூத்தவர்கள் அந்தப் படலத்தை உரித்த நேர்த்தியைப் பார்த்தவர்களுக்குப் பென் டூல் ஒன்றும் கடினமாகத் தெரியாது.

‘தானியங்கியாகத் தேர்வு செய்துவிட்டு, அந்தத் தேர்வைப் பாத்தாக மாற்றிக்கொண்டால் போயிற்று’ என்று சொல்வோரும் உண்டு. மாற்றலாம்; ஃபோட்டோஷாப்பில் அதற்கென்று கட்டளை இருக்கிறது. கோடு ஓரத்திலிருந்து விலக 0.5 பிக்சலிலிருந்து 10 பிக்சல்வரை தளர்வு கொடுக்கலாம். தளர்வைக் குறைத்தால் பிக்சல் படிக்கட்டுகள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி நூற்றுக்கணக்கில் புள்ளிகள் வந்து விழும். கூட்டினால் மூலைகள் மழுங்கி, விளக்கின் முகங்கள் உருண்டு போகும். இப்படிப் புள்ளி மொய்த்த பாத்துகளை அந்நாளைய ஃபிலிம் எடுக்கும் இயந்திரங்கள் செரிக்க முடியாமல் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். இன்றைய இயந்திரங்கள் நிற்பதில்லை. நெளிந்த ஓரத்தை நெளிந்தபடியே அச்சடித்துவிடுகின்றன. அதுதான் மேலும் ஆபத்து.

பென் டூலே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் வாதாட வரவில்லை. தலைமுடியைப் பென் டூலால் வெட்டக் கூடாது. வெட்டினால் மண்டையில் தொப்பி கவிழ்த்ததுபோல ஆகிவிடும். மணப்பெண்ணின் படம் என்றால் தோள், கை, பட்டுப்புடவையின் கரை, நகை ஆகியவற்றுக்குப் பென் டூலும், கூந்தலுக்கும் மல்லிகைச் சரத்துக்கும் ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ வசதியும் என்று பிரித்துச் செய்து, இரண்டையும் ஒரே மாஸ்க்கில் சேர்ப்பதுதான் முறை. கோயில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பென் டூலால் சுற்றிவர முயல்வது வீண் உழைப்பு; தெளிந்த நீல வானம் பின்னால் இருந்தால் நீல நிறத்தின் அளவை மட்டும் காட்டும் நீலச் சேனலில் வானம் வெளுத்தும் கோபுரம் கறுத்தும் தெரியும், அதை நகலெடுத்து மாறுபாட்டைக் கூட்டினால் தேர்வு தானாக வந்துவிடும். எந்த ஓரத்துக்கு எந்தக் கருவி என்று பார்த்தவுடன் பிரித்தறிகிற கண் வேண்டும். அந்தக் கண், பென் டூலில் கொஞ்ச காலம் உழன்றவர்களுக்கே எளிதில் வாய்க்கிறது என்பது என் அனுபவம்; ஓரத்தை அங்குலம் அங்குலமாகப் பின்தொடர்ந்தவருக்குத்தான் அது எங்கே கூர்மை, எங்கே மங்கல், எங்கே இல்லவே இல்லை என்பது புலப்படும்.

இனி, கட்டுரையாளரோடு நான் உடன்படும் ஓர் இடம். பென் டூலைப் பழக மாதக்கணக்கில் ஆகிறது என்று அவர் எழுதியது, பல பயிற்சி நிலையங்களின் பாடமுறையைப் பார்த்தால் பொய்யில்லை. ஆப்பிள் படத்தைக் கொடுத்து ‘சுற்றி வரையுங்கள்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஹேண்டில் ஏன் ஓரத்தின் போக்கில் படுக்க வேண்டும், புள்ளியை வளைவின் உச்சியில் ஏன் வைக்க வேண்டும், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டால் வரைந்துகொண்டே பழைய புள்ளியைத் திருத்தலாம் என்பதையெல்லாம் சொல்வதில்லை. மாணவர் புள்ளிகளைக் கொட்டிக்கொண்டே போய், கோடு திமிறும்போது மனம் வெறுத்து, மேஜிக் வாண்டுக்குத் திரும்பிவிடுகிறார். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் இதற்கு மாதங்கள் தேவையில்லை. முதலில் நேர்கோடுகள் மட்டும் உள்ள தீப்பெட்டி. பிறகு வளைவு மட்டும் உள்ள முட்டை. பிறகு இரண்டும் கலந்த டம்ளர். அதன்பின் குத்துவிளக்கு என்று ஏறிப்போனால், ஒழுங்காக உட்காரும் மாணவருக்குச் சில வாரங்களில் கை நிதானப்பட்டுவிடும். வேகம் வேலையில் வரும்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் வேண்டும் என்பதும் இல்லை. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ‘B’ விசையைத் தட்டினால் பாத் கருவி வரும். வரைந்து மூடியபின் என்டர் தட்டினால் தேர்வாக மாறிவிடும். உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபீயில் பென் டூல் ஏறத்தாழ ஃபோட்டோஷாப்பில் உள்ளதைப்போலவே இருக்கிறது. ஃபோட்டோஷாப் உள்ளவர்கள் கண்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்துத் தட்டிப் பாத்தைத் தேர்வாக்கலாம். அங்கே ஓர் எச்சரிக்கை: ‘வொர்க் பாத்’ என்று சாய்வெழுத்தில் தெரிவது தற்காலிகமானது, அதன் பெயரை இருமுறை சொடுக்கிச் சேமிக்காவிட்டால், அடுத்து வரையத் தொடங்கும் பாத் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். முடித்த வேலையைப் பிஎன்ஜி கோப்பாக மட்டும் வைத்துக்கொண்டாலும் பாத் போய்விடும். பிஎஸ்டி அல்லது டிஃப் கோப்பு ஒன்று கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் பாத்தும் உதிர்ந்துவிடுவதால், அச்சகத்துக்கு டாக்குமென்ட் ஆகவே அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர்களும் பணம் கொடுத்து வெட்டி வாங்கிய படத்தின் மூலக்கோப்பைப் பாத்துடன் கேட்டு வாங்கிக்கொண்டால், அடுத்த முறை அதே வேலைக்கு மீண்டும் கூலி கொடுக்க வேண்டியிராது.

பயிற்சி நிலையங்களுக்கும் பாடத்திட்டம் வகுப்போருக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இதுதான்: பென் டூலை நீக்க வேண்டாம், தானியங்கித் தேர்வுக் கருவிகளுக்கு முன்னால் அதைக் கற்பியுங்கள். செய்முறைத் தேர்வில் பின்னணி நீக்கிய படத்தை மட்டும் வாங்கி மதிப்பெண் போட்டால், மாணவர் வரைந்தாரா, பொத்தானை அழுத்தினாரா என்று யாராலும் சொல்ல முடியாது. பாத் சேமித்த மூலக்கோப்பையே வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வாளர் அந்தப் பாத்தைத் திறந்து, புள்ளிகள் எத்தனை, அவை வளைவின் உச்சியிலும் மூலையிலும் இருக்கின்றனவா, ஹேண்டில்கள் ஓரத்தோடு ஒட்டிக் கிடக்கின்றனவா, உள்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. தங்கள் இணைப்பிலும், மென்பொருள் பயிற்சி குறித்து மீண்டும் எழுதும்போது, அச்சகத்திலும் பக்க வடிவமைப்பிலும் அன்றாடம் வேலை பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டு எழுதினால், வேலை தேடும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அச்சு முன்தயாரிப்புப் பணியாளர் ஒருவர்,
சிவகாசி.